யூதரே யூதரைக் கேலி செய்தால்? போராட் பார்த்துச் சிரித்தவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். 'போராட்' படம் பார்த்தீர்கள், விழுந்து விழுந்து சிரித்தீர்கள், மறுநாள் காலையில் உறுத்தியது. கொம்பும் பெரிய மூக்குமாக ஒரு பொம்மையைச் செய்து, இதுதான் யூதன் என்று சொல்லி ஊரே அதோடு ஓடிப் பிடித்து விளையாடுகிறது. நடித்தவரே ஒரு யூதர் என்று இணையத்தில் படித்ததும் குழப்பம் கூடிவிட்டது. "இது யூத வெறுப்பைக் கேலி செய்யும் படமா, யூத வெறுப்பை விற்றுக் காசு பார்க்கும் படமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி படத்தைப் பற்றியது போல இருக்கிறது, ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது உங்கள் சிரிப்பைப் பற்றி என்று எனக்குப் படுகிறது. நான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்பதுதானே உறுத்தல்? அதற்கே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு திரைப்படச் சங்கத்தில் 18 வருடமாகப் படம் போடுகிறேன். அதில் பாதிக் காலம் பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டிலும் எழுதியிருக்கிறேன். நகைச்சுவைப் படத்துக்கு சப்டைட்டில் எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, எந்தச் சொல்லில் சிரிப்பு வெடிக்கிறது என்று அவனுக்கு நொடிக்கணக்கில் தெரிந்துவிடும். ஆனால் நான் யூதன் இல்லை. அந்த வெறுப்பு என் வீட்டில் யார் மேலும் விழுந்ததில்லை. அதனால் இது புண்படுத்துமா படுத்தாதா என்று தீர்ப்புச் சொல்கிற இடத்தில் நான் இல்லை. சிரிப்பு எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று தையலைப் பிரித்துக் காட்ட மட்டும் முடியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுவோம். போராட்டாக நடித்த சாஷா பேரன் கோஹன் லண்டனில் யூதக் குடும்பத்தில் 1971-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் யூதர்களின் பங்கு பற்றி ஆய்வேடு எழுதினார். 2006-ல் வந்த படத்தில் கஜகஸ்தானிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் பத்திரிகையாளனாக அவர் பேசுவது கஜக் மொழியே கிடையாது, பெரும்பாலும் எபிரேயம், நடுநடுவே கொஞ்சம் போலிஷ். கூட வரும் தயாரிப்பாளர் அஜமத் பேசுவது ஆர்மீனிய மொழி. இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டு சண்டை போடுகிறார்கள், திரையின் அடியில் வரும் எழுத்தைப் படிக்கிற நமக்குத்தான் எல்லாம் ஒரே மொழி. கதைப்படி உலகத்திலேயே யூதர்களைக் கண்டு அதிகமாக நடுங்குகிற ஆள், வாயைத் திறந்தால் யூதர்களின் வேத மொழி வருகிறது. இஸ்ரேலில் படம் பார்த்தவர்களுக்கு இது முதல் நிமிடத்திலேயே புரிந்திருக்கும். நமக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

அடுத்து அந்தப் பொம்மை. அதில் இருக்கிற எதுவும் கோஹன் கற்பனை செய்தது இல்லை, எல்லாம் ஐரோப்பாவின் பழைய சரக்கு. கொம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலைக்குத் தலையில் இரண்டு கொம்பு இருக்கும். மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளிர்ந்தது என்று பொருள்படும் எபிரேயச் சொல்லை, பைபிளை மொழிபெயர்த்த ஜெரோம் லத்தீனில் 'கொம்புள்ள' என்று மொழிபெயர்த்துவிட்டார், இரண்டுக்கும் வேர் ஒன்று. மொழிபெயர்ப்பாளன் கை தவறினால் என்னவாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் உதாரணம் இது. அதோடு யூதரையும் பிசாசையும் சேர்த்தே வரைகிற இடைக்கால வழக்கமும் கூட்டுச் சேர்ந்துகொள்ள, கொம்பு நிலைத்துவிட்டது. பணம் என்கிற முத்திரைக்கும் காரணம் உண்டு. கிறிஸ்தவர் வட்டி வாங்கக் கூடாது என்று திருச்சபை தடுத்தது, யூதர்களைக் கைவினைச் சங்கங்களில் சேர்க்கவில்லை, பல இடங்களில் நிலம் வாங்கவும் விடவில்லை. செய்ய விட்ட சில தொழில்களில் ஒன்று கடன் கொடுப்பது. செய்ய வைத்துவிட்டு, பாருங்கள் வட்டிக்காரன் என்றார்கள். 2004-ல் கோஹன் தொலைக்காட்சிக்காக அரிசோனாவில் ஒரு மதுக்கூடத்தில் போராட் வேஷத்தில் ஏறி, யூதனைக் கிணற்றில் தள்ளு என்று பாட, அங்கிருந்தவர்கள் கைதட்டிக் கூடவே பாடினார்கள். கிணறு என்ற சொல் அங்கே சும்மா வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1348, 49-ல் கொள்ளை நோய் பரவியபோது யூதர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டு, ஸ்ட்ராஸ்பூர்கில் மட்டும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களை எரித்தார்கள். இது என் ஊகம்தான், ஆனால் வரலாறு படித்தவர் எழுதிய பாட்டு அது.

படத்தில் எனக்கு முக்கியமான காட்சி பொம்மை வருவது இல்லை. துப்பாக்கிக் கடைக் காட்சி, சின்னக் காட்சிதான். யூதனிடமிருந்து தற்காத்துக்கொள்ள எந்தத் துப்பாக்கி நல்லது என்று போராட் கேட்கிறான். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, திடுக்கிடவில்லை, ஆமாம் அவர்கள் மோசம் என்று வெறுப்பாகவும் பேசவில்லை. ஒன்பது மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நாற்பத்தைந்து என்று சொல்கிறார். மிளகாய்த்தூள் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டால் மளிகைக்கடைக்காரர் சொல்வாரே, அதே குரல். கடைசியில் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்பதால் துப்பாக்கி தர மறுத்துவிடுகிறார். அதாவது சட்டம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. போராட் துப்பாக்கிக்குப் பதில் கரடி வாங்குகிறான். இந்தக் காட்சியில் யூதரே இல்லை, யூதரைப் பற்றிய ஒரு குணமும் சொல்லப்படவில்லை. அப்படியானால் சிரிப்பு எதில்? யாரும் ஒன்றும் சொல்லாமல் வியாபாரம் நடப்பதில். வெறி பிடித்தவனைவிட, 'நமக்கென்ன' என்று இருக்கிறவனைக் காட்டுவதுதான் இந்த வகைப் படத்தால் முடிகிற பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

கரப்பான்பூச்சிக் காட்சி இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும். இரவு தங்க ஒரு விடுதிக்குப் போகிறார்கள், நடத்துகிறவர்கள் வயதான யூதத் தம்பதி என்று உள்ளே போன பிறகுதான் தெரிகிறது. அந்த அம்மா பரிவோடு சாப்பிடக் கொடுக்கிறார், விஷம் என்று பயந்து போராட் துப்பிவிடுகிறான். இரவில் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் கிசுகிசுக்கிறான். கதவுக்கு அடியில் இரண்டு கரப்பான்பூச்சிகள் வருகின்றன. கிழவனும் கிழவியும் உருமாறி வந்துவிட்டார்கள் என்று இரண்டு பேரும் டாலர் நோட்டுகளை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். நாஜிகள் 1940-ல் எடுத்த பிரச்சாரப் படமொன்று எலிக் கூட்டத்தைக் காட்டி யூதர்களை அதோடு ஒப்பிட்டது. பூச்சி, எலி என்று சொல்லிச் சொல்லித்தான், பூச்சி மருந்தான விஷவாயுவை வைத்து முகாம்களில் அவர்களைக் கொன்றார்கள். கோஹன் அதே பிம்பத்தை எடுக்கிறார், ஆனால் திரையில் நாம் பார்ப்பது ஒரு தட்டை நீட்டுகிற ஒரு பாட்டி. பிம்பத்துக்கும் பாட்டிக்கும் நடுவே உள்ள தூரம்தான் நகைச்சுவை. பாட்டியை எடுத்துவிட்டுப் பூச்சியை மட்டும் காட்டினால் அது நாஜிப் படம்.

இங்கே ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தைக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் அது இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. ஜெரார் ஊரி இயக்கி 1973-ல் வந்த 'ராபி ஜாகோபின் சாகசங்கள்' (ராபி என்றால் யூத மத குரு). போராட்டில் யூதர் ஒருவர் யூத வெறுப்பாளனாக வேஷம் கட்டுகிறார், இதில் யூத வெறுப்பாளன் ஒருவன் யூத குருவாக வேஷம் கட்ட நேர்கிறது. லூயி த ஃபுனே நடித்த பிவேர் ஒரு தொழிலதிபர், கத்தோலிக்கர், பிரெஞ்சுக்காரர் அல்லாத யாரைக் கண்டாலும் மூக்கைச் சுளிப்பவர். மகள் கல்யாணத்துக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறார். காரை ஓட்டுகிற சாலமன் பேச்சுவாக்கில் நான் யூதன் என்று சொல்லிவிடுகிறான். பிவேருக்கு நம்ப முடியவில்லை. நீயா யூதனா? ஆமாம். நியூயார்க்கிலிருந்து வருகிற உன் மாமாவுமா? அவர் ராபி ஐயா. குடும்பம் முழுக்கவா? ஆமாம். த ஃபுனேயின் முகத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நடுக்கம் ஓடும். கடைசியில் பெரிய மனதோடு, பரவாயில்லை, உன்னை வேலையில் வைத்துக்கொள்கிறேன் என்பார். அந்தப் 'பரவாயில்லை'க்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும்போது நான் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டு, நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்கிற வீடுகளில் கேட்ட அதே 'பரவாயில்லை'.

கவனித்தீர்களா, பணக்காரர் இங்கே கத்தோலிக்கர், சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன் யூதன். பேராசைக்கார யூதன் என்கிற பிம்பத்தை ஒரு வசனமும் இல்லாமல் ஆள் தேர்விலேயே கவிழ்த்துவிட்டார்கள். அப்புறம் கார் குளத்தில் விழுகிறது, வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிட்டது என்று சாலமன் உதவ மறுக்கிறான், வேலை போகிறது. பிவேர் ஒரு சூயிங்கம் தொழிற்சாலையின் பச்சைத் தொட்டிக்குள் விழுந்து எழுகிறார், துரத்துகிறவர்களிடமிருந்து தப்ப விமான நிலையத்தில் தாடியும் காதோர முடிச்சுருளும் திருடி ஒட்டிக்கொள்கிறார். வரவேற்க வந்த யூதக் குடும்பம் இவர்தான் தங்கள் ராபி என்று நினைத்துத் தெருவெல்லாம் கூட்டி நடனமாட வைக்கிறது. வேஷம் கட்டியவன் மேல் சாமி வருவது நம் கூத்தில் புதிதில்லை, த ஃபுனே அந்த நடனத்தில் ஆடுவது கிட்டத்தட்ட அதுதான். யூத வெறுப்பாளனின் உடம்பு அவன் அனுமதி இல்லாமலே சந்தோஷப்படத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் படத்தின் உண்மையான ராபியாக நடித்தவர் மார்செல் தாலியோ. 1930-களில் பிரெஞ்சு சினிமாவின் பெரிய நடிகர், யூதர். 1940-ல் ஜெர்மன் படை பாரிஸுக்கு வருமுன் தப்பி, கடைசியில் ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார். பாரிஸில் நாஜிகள் அவர் முகத்தைச் சுவரொட்டியில் அச்சடித்து, யூதன் என்றால் இப்படித்தான் இருப்பான், அடையாளம் கண்டுகொள்ளுங்கள் என்று ஒட்டினார்கள். அவருடைய பெற்றோர் முகாமில் இறந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே முகம் அதே நகரத்தில், தாடியும் தொப்பியுமாக, குடும்பமே கொண்டாடும் ராபியாகத் திரையில் வருகிறது. இந்தச் செய்தி தெரியாமல் பார்த்தால் அவர் வெறும் கலகலப்பான கிழவர். தெரிந்து பார்த்தால் படத்தில் அவர் வரும் இடமெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் இதுவும் குறையில்லாத படம் இல்லை. அதில் யூதர் என்றாலே தாடி, நடனம், விருந்து, பாசம். பாரிஸில் மதமே பின்பற்றாத யூதர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்கு இதில் அநேகமாக இடமில்லை. அன்பான முத்திரையும் முத்திரைதான். போதாக்குறைக்குப் படம் வெளியான 1973 அக்டோபர் 18 அன்று இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே யோம் கிப்பூர் போர் நடந்துகொண்டிருந்தது. படத்துக்கு விளம்பர வேலை பார்த்தவரின் மனைவி, இந்த நேரத்தில் இந்தப் படம் வரக் கூடாது என்று சொல்லி ஒரு விமானத்தைக் கடத்தி, காவல்துறை சுட்டு இறந்தார். இப்படியொரு நிழலோடு வந்த படத்தை பிரான்சில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் உண்மை.

சரி, இனி உங்கள் உறுத்தலுக்கு நேராக வருகிறேன். நாங்கள் போராட் போட்ட அன்று அரங்கில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பொம்மைக் காட்சியில், யூதப் பெண் பொம்மை முட்டையிட, பிள்ளைகள் அதை அடித்து உடைக்கும்போது, பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். படம் முடிந்து பேசும்போது அவரே எழுந்து சொன்னார்: "சார், அவங்க பணத்தாசை பிடிச்சவங்கதானே, அதைத்தானே காட்டுறான்?" கெட்ட மனிதர் இல்லை, இன்றைக்கும் எங்கள் திரையிடலுக்கு வருகிறார். வாழ்நாளில் ஒரு யூதரைப் பார்த்ததில்லை. எங்கிருந்து தெரியும் என்று கேட்டேன். பள்ளியில் படித்த ஷேக்ஸ்பியர் நாடகத்து ஷைலாக் என்றார். ஒரு ராத்தல் சதை கேட்ட வட்டிக்காரன், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த யூதன். எனக்கும் பள்ளிக்கூடத்தில் அவ்வளவுதான் தெரியும், என்ன சொல்ல.

அன்று அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த மாதம் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1942-ல் எடுத்த நையாண்டிப் படத்தைப் போட்டேன், ஹேம்லட்டின் அந்தப் புகழ்பெற்ற வரி, 'டு பி ஆர் நாட் டு பி', அதுதான் அதற்குத் தலைப்பு. லூபிட்ச் பெர்லினில் தையற்காரர் ஒருவருக்குப் பிறந்த யூதர். ஊமைப்பட நாட்களில் துணிக்கடைப் பையன் மாதிரியான யூதக் கோமாளி வேடங்களில் தானே நடித்து மேலே வந்தவர். அந்தப் படத்தில் வார்சாவில் ஒரு நாடகக் கம்பெனி, அதில் கிரீன்பெர்க் என்கிற துணை நடிகர் எப்போதும் ஈட்டி பிடித்து நிற்கிற வேடமே செய்பவர், ஷைலாக்காக நடிக்க வேண்டும் என்பது அவர் கனவு. எங்களுக்குக் கண் இல்லையா, குத்தினால் ரத்தம் வராதா என்கிற அந்தப் பேச்சை மூன்று இடத்தில் சொல்கிறார். மூன்றாவது முறை நாஜிச் சிப்பாய்களுக்கு நடுவில், உயிரைப் பணயம் வைத்து. அதைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், மூலத்தில் வருகிற 'யூதன்' என்ற சொல் வசனத்தில் இல்லை. 1942-ல் ஹாலிவுட்டில் ஒரு யூத இயக்குநர் யூதர்களுக்காக எடுத்த படத்தில் அந்தச் சொல்லை விழுங்கித்தான் பேச முடிந்தது. அதே சொல்லை 2006-ல் கோஹன் ஒரு நிமிடத்துக்கு நாலு முறை கத்துகிறார். பின்வரிசைக்காரர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போகும்போது ஷேக்ஸ்பியர் அதை உண்மையிலேயே எழுதியிருக்கிறாரா, எங்கள் பாடத்தில் இருந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதிலிருந்து நகைச்சுவை வெறுப்பைக் குறைக்கும் என்று முடிவுகட்ட மாட்டேன். அதுதான் சந்தேகத்துக்குரிய பகுதி. அமெரிக்காவில் யூத வெறுப்புக்கு எதிராக இயங்கும் அவதூறு எதிர்ப்பு அமைப்பே 2006-ல், நோக்கம் புரிகிறது, ஆனால் பார்க்கிற எல்லாருக்கும் நையாண்டி பிடிபடுமா என்று கவலை தெரிவித்தது. என் பின்வரிசைக்காரரைப் பார்த்த பிறகு அதை மறுக்க எனக்கு வாய் வராது. (அதே அமைப்பு 2019-ல் கோஹனை அழைத்துப் பேச வைத்தது, அது வேறு.) மதுக்கூடக் காட்சியையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை, எடுத்ததில் எதை வைத்தார்கள், எதை வெட்டினார்கள் என்பது படத்தொகுப்பு மேசையில் இருந்தவர்களின் கையில். நான் கோஹனிடம் மன்னிக்காதது வேறொன்று. கஜகஸ்தான் கிராமமாகக் காட்டப்படுவது ருமேனியாவில் குளோட் என்கிற ஊர், ஏழை ரோமா மக்கள், அதாவது ஜிப்சிகள் என்று சொல்லப்படுகிறவர்கள், வாழும் இடம். ஆவணப்படம் என்று நினைத்து நின்றவர்களை வழக்கமான பிற்போக்குக் கோமாளிகளாகக் காட்டிவிட்டார்கள், பிறகு அவர்கள் வழக்குப் போட்டும் நிற்கவில்லை. ரோமாக்களையும் நாஜிகள் அதே முகாம்களில் கொன்றார்கள். ஒரு பிம்பத்தை உடைக்க இன்னொரு பிம்பத்தின் முதுகில் ஏறுவது அந்தப் படத்தின் பெரிய ஓட்டை, அதை அவருடைய ரசிகர்கள் வசதியாகக் கடந்து போகிறார்கள்.

2020-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஓரளவு வேறு வழி பிடித்தார். போராட் நீண்ட மூக்கும் பணப்பையுமாக யூதன் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு ஜெப ஆலயத்துக்குள் போகிறான். அங்கே யூத இன அழிப்பில் தப்பிப் பிழைத்த ஒரு மூதாட்டி இருக்கிறார். வேஷத்தைப் பார்த்து அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை, பொறுமையாகப் பேசி அணைத்துக்கொள்கிறார். அந்தக் காட்சியை எங்கள் அரங்கில் போட்டபோது சிரிப்பு பாதியில் நின்றுபோனதைக் கேட்டேன், திடீரென்று மின்விசிறிச் சத்தம் கேட்டது. படம் வருமுன்னே அவர் இறந்துவிட்டார், அவர் குடும்பத்தார் வழக்குப் போட்டனர், பிறகு அது கைவிடப்பட்டது. அது கேலிப்படம் என்று படப்பிடிப்பு முடிந்ததும் அவரிடம் சொல்லிவிட்டோம் என்பது படக்குழுவின் விளக்கம். படம் அவருக்குத்தான் காணிக்கை.

நீங்கள் எந்தக் காட்சியில் சிரித்தீர்கள் என்று எழுதவில்லை. கடைக்காரர் ஒன்பது மில்லிமீட்டர் என்று சொன்ன இடம் என்றால் உங்கள் தூக்கத்தை நான் கெடுக்க மாட்டேன். முட்டையை உடைக்கிற இடம் என்றால் மறுபடி ஒரு தடவை அதைப் போட்டுப் பாருங்கள், இந்த முறை பொம்மையை விட்டுவிட்டு சுற்றி நின்று ஆரவாரிக்கிற ஊராரின் முகங்களைப் பார்த்தபடி. அப்புறம் ராபி ஜாகோபைப் பாருங்கள், நல்ல ஆங்கில சப்டைட்டிலோடு கிடைக்கிறது.